சுவருக்கு வெளியே ஒரு கை

பிரசவத்துக்காக டன்ஹோப் கோபுரத்துக்கு மரியோட்டா வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம்தான் ஆகியிருந்தது. ஆனால் ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் நவம்பர் மாதத்து மதியத்தை நம்பி யாரும் விளக்கை அணைப்பதில்லை. குன்றுகளின் தலையில் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. நிறைமாத வயிற்றோடு குதிரைமேல் ஒருக்களித்து உட்கார்ந்து வந்ததில் அவளுக்கு இடுப்பே விட்டுப் போயிருந்தது. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கணவன் நினியன் முன்னால் நடந்தான்.

கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிப் போகும்போது குதிரை தானாக நின்றுவிட்டது. சுவருக்கு வெளியே, பாதையோரமாக, புதிதாக ஒரு சின்ன மண்மேடு. சுற்றியிருந்த புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. மேட்டில் மட்டும் பனி இல்லை. அங்கே மண் கறுப்பாக, ஈரமாக, லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அது என்ன என்று கேட்டாள். அப்பா என்றான் நினியன். பிரபுவைச் சுவருக்கு உள்ளேதானே புதைத்தார்கள் என்றாள். ஆமாம், ஆளை உள்ளேதான் புதைத்தோம், கை மட்டும் வெளியே என்று சொல்லிவிட்டுக் குதிரையை அதட்டி இழுத்தான்.

ஜேம்ஸ் என்ற பெயரிலேயே ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ராஜா எங்கோ வடக்கே இருந்தார். எல்லையில் டன்ஹோப் போன்ற வீடுகள் வைத்ததுதான் சட்டம். அந்த வீட்டில் ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது வலது கையை மட்டும் சிவப்புத் துணியில் சுற்றி ஒதுக்கிவிடுவார்கள். உடம்பு முழுக்க ஆண்டவருக்கு, கை மட்டும் வீட்டுக்கு. தண்ணீர் படாத கை எந்தச் சத்தியத்துக்கும் கட்டுப்பட்டதில்லை. சமாதான நாளிலும் வெட்டலாம், மண்டியிட்டவனையும் வெட்டலாம், பாவம் ஆத்மாவில் ஒட்டாது. ஆண்டவரையே ஏமாற்றத் துணிந்த குடும்பம், மனிதர்களை விட்டு வைக்குமா?

நினியனின் அப்பா கில்பர்ட் பிரபு மழையில் நனைந்து, காய்ச்சலில் விழுந்து, கட்டிலிலேயே செத்தார். அடக்கத்தன்று சாமியார் அடம்பிடித்துவிட்டார். ஆண்டவருக்குக் கொடுக்காத கையைப் புனித மண்ணில் வைக்க முடியாது என்றார். வெட்டி எடுக்க விடமாட்டேன் என்று பிரபுவின் மனைவி எல்ஸ்பெத் வாசலை மறித்து நின்றாள். கடைசியில் சுவரை ஒட்டிக் குழி தோண்டி, சுவரின் அடிக்கல்லைப் பெயர்த்து, முழங்கைவரை கையை வெளியே இழுத்துவிட்டு மூடினார்கள். சாமியாருக்கும் திருப்தி, எல்ஸ்பெத்துக்கும் திருப்தி. கையைத்தான் யாரும் கேட்கவில்லை.

மரியோட்டாவுக்கு அந்தக் கையைத் தெரியும். அவளுடைய அண்ணன் ஆடமைக் கொன்ற கை அது. ஆடம் சாவதற்கு முன் தன் கத்தியால் அதன் மோதிர விரலைப் பாதியோடு வாங்கிவிட்டான். பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி, இரண்டு வீட்டுப் பகையையும் ஒரு கல்யாணத்தில் முடித்துவைத்தார்கள். சமாதானம் பேசி முடித்தபோது பிரபு இடது கையைத்தான் நீட்டினார். வலது கை மேஜைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டக், டக், நடுவில் ஒரு வெற்றிடம், அப்புறம் டக். இல்லாத விரலின் இடத்தில் சத்தம் இருக்காது.

கல்யாண விருந்தில் பிரபு அந்தக் கையால் அவளுடைய சுண்டு விரலைப் பிடித்தார். எல்லோரும் பார்க்கச் சிரித்துக்கொண்டே எலும்பு நோக இறுக்கினார்.

"உங்க அண்ணன் என்கிட்டேருந்து ஒரு விரலைத்தான் எடுத்தான். நீ எனக்கு ஒரு கையே பெத்துக் குடுக்கணும், மருமகளே."

அந்தப் பேச்சு அவளுக்கு மறக்கவே இல்லை. வயிறு பெரிதாகப் பெரிதாக அதுவும் உள்ளே சேர்ந்து பெரிதானது. மகன் பிறந்தால் அவன் கை யாருடையது? தண்ணீர் பட்டால் அவனுடையது, படாவிட்டால் டன்ஹோப் வீட்டுடையது. அந்தக் கை நாளைக்கு அவளுடைய பிறந்த வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

கோபுரத்தின் அடித்தளத்தில் மாடுகள், அதற்குமேல் கூடம், கூடத்துக்குமேல் பிரசவ அறை. சுழல் படிக்கட்டில் வலது பக்கம் பிடித்து ஏறுவதற்கு மேலிருந்து கீழாக ஒரு கயிறு தொங்கும். மரியோட்டா மூச்சு வாங்கிக்கொண்டு அதைப் பிடித்தாள். தொளதொளவென்று தொங்கிய கயிறு சட்டென்று விறைத்தது. மேலே யாரோ அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறார்கள் போலிருந்தது. வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

யாரும் வரவில்லை.

நனைந்த தோல் வாடையும் குதிரை வேர்வையும் மட்டும் அவளைக் கடந்து கீழே போயின. கயிறு மறுபடியும் தொளதொளத்தது.

மேலே எல்ஸ்பெத் காத்திருந்தாள். நெட்டையான, எலும்பான பொம்பளை. வா என்றுகூடச் சொல்லாமல் மருமகளின் வயிற்றைச் சந்தையில் மாட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவள் கோபத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. நினியன் பிறந்தபோது மூச்சு விடவில்லை. பிழைக்காது என்று பயந்த மருத்துவச்சி, சாமியாருக்குக் காத்திராமல் தானே தண்ணீர் எடுத்து உச்சிமுதல் உள்ளங்கைவரை ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். அவசரத்துக்கு யார் கொடுத்தாலும் செல்லும். ஆனால் பிள்ளை சாகவில்லை. வலது கை நனைந்தது நனைந்ததுதான். அப்பா கடைசிவரை அந்தக் கையில் ஒரு வாளைக்கூடக் கொடுக்கவில்லை. சாமியார் கை என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வார்.

அதனால் இந்தப் பிரசவத்தில் எல்ஸ்பெத் கண்கொத்திப் பாம்பாக இருந்தாள். மேல்மாடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்கூடாது என்று உத்தரவு. குடிக்கப் பார்லி மது, கழுவ வெதுவெதுப்பான பால், துடைக்க வெண்ணெய். மதுவிலும் பாலிலும் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது. அது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

மரியோட்டா தாகத்துக்கு ஒரு வாய் தண்ணீர் கேட்டுப் பார்த்தாள்.

"தண்ணியா? உங்க வீட்டு ஆம்பளைங்க கையெல்லாம் தண்ணியில ஊறி ஊறித்தானடி இப்படிப் பிசுபிசுன்னு போச்சு," என்றாள் எல்ஸ்பெத். "உங்க அண்ணன் எப்படிச் செத்தான்னு நெனச்சே? ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு."

மரியோட்டாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது நினியன் மட்டும்தான், அவனும் அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிற ரகம். இருந்தாலும் அன்றைக்கு அவன் கையைத் தன் வயிற்றில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். தேவாலயத்தில் சாமியார் தண்ணீர் ஊற்றும்போது அவன் அந்தச் சிவப்புத் துணியை உருவிவிட வேண்டும். அம்மா கத்தட்டும், ஆட்கள் வாளை உருவட்டும், அவன் உருவ வேண்டும். பிரசவித்தவள் நாற்பது நாள் தேவாலயத்துக்கு வரக்கூடாது என்பதால் அவளால் செய்ய முடியாது. நினியன் வெளுத்துப்போய்த் தலையாட்டினான்.

அவன் தலையாட்டியபோது கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் ஒரு சத்தம் கேட்டது.

டக், டக். நிசப்தம். டக்.

கேட்டதா என்று கேட்டாள். மரம் குளிருக்குச் சுருங்குகிறது என்றான் நினியன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மகன் ஒரு காலையில், கடும் பனிப்பொழிவுக்கு நடுவில் பிறந்தான். நல்ல கனம், நல்ல குரல். மருத்துவச்சி ஜோனெட் அவனைத் தூக்கிக் காட்டியபோது அவன் வலது கையை விரித்து விரித்து மூடினான். ஐந்து விரலும் சரியாக இருந்தன. மரியோட்டா அதை முத்தமிட்டாள். எல்ஸ்பெத் பேரனைப் பாலில் கழுவி, வெண்ணெய் தடவி, நாளைக் காலையில் ஞானஸ்நானம் என்று அறிவித்தாள். அதைக் கேட்டுக்கொண்டே மரியோட்டா அசந்து தூங்கிப்போனாள்.

விழித்தபோது பிற்பகல் இருட்டிக்கொண்டு வந்தது. காய்ச்சல் அடித்தது. அடுப்பில் கங்கு மட்டும்தான். ஜோனெட்டும் எல்ஸ்பெத்தும் கீழே விருந்துக்கு மாடு அறுப்பதை மேற்பார்வை பார்க்கிற சத்தம் கேட்டது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தொட்டில் இருட்டில் கிடந்தது. குழந்தையின் மூச்சு கேட்டது.

ஜன்னல் துவாரத்தின் விளிம்பில் பனி குவிந்திருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் பளிச்சென்று புத்தியில் தட்டியது. பனியும் தண்ணீர்தானே! மாமியார் கிணற்றைக் காவல் காக்கலாம், வானத்தைக் காவல் காக்க முடியுமா? சுவரைப் பிடித்து எழுந்து, ஒரு பிடி பனியை அள்ளி, மறுபடியும் கட்டிலில் விழுந்தாள். உள்ளங்கையின் காய்ச்சல் சூட்டிலேயே அது உருகியது.

இனி நினியனின் தைரியத்தை நம்ப வேண்டியதில்லை. அவளே கொடுப்பாள். பெயரும் அவளே வைப்பாள். அவர்கள் கொன்றவனின் பெயர். அது இந்த வீட்டுக்குள்ளேயே வளரட்டும்.

தொட்டில் பக்கமாகச் சாய்ந்தாள். இருட்டில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அவள் சாய்ந்ததும் தொட்டிலுக்கு மேலே வெளுப்பாக ஒரு கை உயர்ந்தது. கேட்டு நீட்டியது போல விரிந்தது.

"என் செல்லமே," என்று முணுமுணுத்துக்கொண்டு தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். "ஆடம். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

நனைந்த விரல்கள் அவளுடைய சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டன. பிறந்து ஒரு நாள் ஆகாத பிள்ளைக்கு இத்தனை பிடியா என்று அவளுக்குப் பூரித்துப்போனது. அழுகையும் சிரிப்புமாக, அது தானாக விடும்வரை அப்படியே கிடந்தாள்.

மாலையில் நினியன் எட்டிப் பார்க்க வந்தபோது அவன் காதில் விஷயத்தைப் போட்டாள். முடிந்துவிட்டது, கை நனைந்துவிட்டது, நாளைக்கு அம்மாவோடு சண்டை வேண்டாம், துணியைச் சுற்றினால் சுற்றிவிட்டுப் போகட்டும் என்றாள். நினியன் பெருமூச்சு விட்டான். பாவம், அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் கல்யாண நாளில்கூடப் பார்த்ததில்லை. சத்தியத்திலிருந்து விடுவித்ததற்காக அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான்.

இரவு முழுக்க அவள் காய்ச்சலில் கிடந்தாள், குழந்தையை ஜோனெட்தான் பார்த்துக்கொண்டாள். மறுநாள் பனி நின்று பளீரென்று வெயில் அடித்தது. கீழே முற்றத்தில் குதிரைகள் கனைத்தன. குழந்தையைத் தேவாலயத்துக்குத் தூக்கிப்போவது மருத்துவச்சியின் உரிமை. ஜோனெட் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்து, தொட்டிலிலிருந்து அவனை எடுத்து மார்போடு அணைத்தாள். கழுத்திலிருந்து பாதம்வரை நாடாத் துணியால் இறுக்கிச் சுற்றிய சின்னப் பொட்டலம். முகம் மட்டும்தான் தெரிந்தது.

"சமத்துப் பிள்ளை," என்று படியிறங்கிக்கொண்டே சொன்னாள் ஜோனெட். "நேத்து நீங்க அசந்து தூங்கினப்பவே கையையும் சேத்து இறுக்கிக் கட்டிட்டேன், அம்மா. போட்ட முடிச்சு அப்படியே இருக்கு. துணியில ஒரு பொட்டு ஈரமில்ல."

காலடிச் சத்தம் வளைந்து வளைந்து கீழே போனது.

அந்தப் பேச்சு உள்ளே இறங்க மரியோட்டாவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

தூங்கினபோதே கட்டினாள். கையையும் சேர்த்து. அதற்கு அப்புறம்தானே அவள் விழித்தாள்.

மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வெயில் அறைக்குள் விழுந்திருந்தது. தொட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரோரத் தரையில், அவள் ஊற்றிய தண்ணீர் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டாக உறைந்து கிடந்தது. தொட்டிலின் விரிப்பு காய்ந்திருந்தது. தன் சுண்டு விரலை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

விரலைச் சுற்றிக் கன்றிப்போன தடங்கள். தடித்தவை, ஆம்பளை விரலின் அகலம். வரிசையில் ஒன்று குறைந்தது. அந்த இடத்தில் மட்டும் மழுங்கிய ஒரு குழி.

நினியன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். முற்றத்தில் குதிரைகள் கிளம்பிக்கொண்டிருந்தன. கட்டிலிலிருந்து விழுந்து, தவழ்ந்து, படிக்கட்டு வாசலுக்குப் போனாள். கயிற்றை எட்டிப் பிடித்தாள்.

கயிறு விறைத்தது.

அது சுவரை விட்டு விலகி, வாசலுக்குக் குறுக்கே, அவள் கழுத்து உயரத்தில் வந்து நின்றது.

நனைந்த தோல் வாடை. குதிரை வேர்வை. அதோடு இப்போது பச்சை மண் வாடை.

குனிந்து நுழையப் பார்த்தாள். கயிறும் குனிந்தது. தலையைத் தூக்கினாள். அதுவும் உயர்ந்தது. அது அவளை அடிக்கவில்லை, நெரிக்கவில்லை. பொறுமையாக, வேலைக்காரியை வாசலில் நிறுத்திவைப்பது போல அவளை நிறுத்திவைத்தது. குளம்படிகள் பனியில் அமுங்கித் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டே அவள் அங்கே கிடந்தாள். அழுதாள், கெஞ்சினாள், தன்னை எடுத்துக்கொள் என்றாள்.

தேவாலயத்து மணி அடித்தது. மணி ஓய்ந்ததும் கயிறு தளர்ந்து சுவரோடு போய்த் தொங்கியது.

அவர்கள் திரும்பி வந்தபோது அவள் எப்படியோ கட்டிலுக்கு வந்திருந்தாள். எல்ஸ்பெத் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தையைத் தானே கொண்டுவந்து மருமகளின் மடியில் வைத்தாள்.

"பேரு கில்பர்ட்," என்றாள். "துணி நனையவே இல்ல. நல்லபடியா முடிஞ்சுது."

நினியன் பின்னாலேயே வந்து, அவள் சொன்னபடி தான் குறுக்கே வாயைத் திறக்கவில்லை என்று ரகசியமாகச் சொன்னான். அவன் சந்தோஷமாக இருந்தான். வழியில் இன்னொரு நல்ல சகுனமும் பார்த்தானாம். சுவருக்கு வெளியே இருக்கிற அந்த மேட்டில் இன்றைக்குப் பனி பிடித்துவிட்டதாம், மற்ற இடம் மாதிரியே வெள்ளையாக இருக்கிறதாம். அப்பா ஒருவழியாக அமைதியாகிவிட்டார் என்றான்.

மரியோட்டா சிவப்புத் துணியை அவிழ்த்தாள். குட்டி வலது கை வெளியே வந்தது. சுட்டு விரலும் நடு விரலும் சுண்டு விரலும் ஒவ்வொன்றாக விரிந்தன. மோதிர விரல் பாதியில் மடங்கி நின்றது. அவள் தடவிப் பார்த்தாள், நீவிப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். நிமிரவில்லை.

நேற்று முத்தமிட்ட விரல். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்து, அவன் காதில் மட்டும் விழும்படி, தான் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஆடம்."

குழந்தை அசையவில்லை. அது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பின்னால், காலியாகக் கிடந்த தொட்டிலின் விளிம்பில், பதில் வந்தது.

டக், டக்.

எல்ஸ்பெத் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிரபு அறைக்குள் வரும்போது செய்வது போல, தலையில் போட்டிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள்.

டக்.